வெயிலில் கண் சிமிட்டும் ட்யூனர்

கேள்வி: திறந்தவெளி மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பகல் வெயிலில் கிளிப் ட்யூனரின் திரையில் ஒன்றுமே தெரிவதில்லை. எதை வாங்கலாம்?

பதில்: தரையில் வைக்கும் பெடல் ட்யூனரை வாங்குங்கள். கிளிப் ட்யூனரின் வண்ணத் திரை உச்சி வெயிலில் வெளிறிப்போகும். கையால் நிழல் கட்டிப் பார்க்கலாம் என்றால், ஒரு கை தந்தியில், ஒரு கை முறுக்காணியில்! போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில எல்.சி.டி. திரைகள் கறுத்தே போகும்.

பேஸுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் 'ஈ' தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திக் கிட்டாரின் 'பி' சுமார் 31 தான். மரத்தின் அதிர்வை வாங்கும் கிளிப் இங்கே தடுமாறும். பக்கத்தில் டிரம்ஸ் அடித்தால் சொல்லவே வேண்டாம். பெடலுக்குக் கேபிள் வழியே உங்கள் தந்தி மட்டுமே கேட்கும்.

பாஸ் டியூ-3 பெடலில் வெளிச்சத்தைக் கூட்டும் வசதி இருக்கிறது, எல்.இ.டி. புள்ளிகள் வெயிலிலும் தெரியும். ஆனால் அந்த நிலையில் பேட்டரி சீக்கிரம் தீரும். 9 வோல்ட் அடாப்டர் அவசியம். டிசி எலக்ட்ரானிக் பாலிட்யூன் 3, சுற்றுவெளிச்சத்துக்கு ஏற்பத் தானே ஒளியை மாற்றிக்கொள்ளும். என் தேர்வு பாஸ்.

முள் நிலையாக நிற்காவிட்டால் 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு ஹார்மானிக் எழுப்பிப் பாருங்கள். வெயிலில் தந்தி சூடேறிச் சுருதி இறங்கும். மேடையேறியதும் மறுபடி சரிபாருங்கள்.