யார் சொல்வது?

அன்புள்ள வாசகிக்கு,

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் தவறு நடந்துவிட்டால் நமக்குச் சொல்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். அயர்லாந்தில் சொல்லவில்லை. அந்தக் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

'சர்விக்கல் செக்' என்ற தேசியத் திட்டம் அங்கே 2008இல் தொடங்கியது. குடும்ப டாக்டரோ நர்ஸோ ஸ்மியர், அதாவது கருப்பை வாயிலிருந்து செல் மாதிரி, எடுப்பார். ஸ்லைடை ஆய்வகம் பார்க்கும். அமெரிக்காவிலுள்ள தனியார் ஆய்வகங்களுக்கும் ஸ்லைடுகள் போயின. சந்தேகம் வந்தால் மருத்துவமனை. ஆளுக்கொரு துண்டு வேலை.

விக்கி ஃபீலன் என்ற பெண்ணுக்கு 2011இல் எடுத்த ஸ்மியரில் கோளாறு ஏதுமில்லை என்று முடிவு வந்தது. 2014இல் புற்றுநோய். அந்த ஆண்டே பழைய ஸ்லைடை மறுபடி பார்த்தார்கள்; முதல் முடிவு தவறு என்று தெரிந்துவிட்டது. அவர் காதுக்கு அது எட்டியது 2017இல்.

ஸ்லைடைத் தவறாகப் படிப்பது எந்த நாட்டிலும் நேரக்கூடியது. ஸ்மியர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் சோதனையும் அல்ல. ஆனால் அந்த மௌனத்துக்கு நான் சமாதானம் தேட மாட்டேன். மறுஆய்வு முடிவைத் திட்ட அலுவலகம் சிகிச்சை அளித்த டாக்டருக்கு எழுதியது, நோயாளிக்கு எழுதவில்லை. சொன்னால் தீங்கே அதிகம் என்று தோன்றினால் சொல்லாமல் விடவும் டாக்டருக்கு இடம் கொடுத்தது. யார் சொல்வது என்று இரு தரப்புக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. இறந்துபோன பெண் என்றால், கோப்பில் குறித்துவைத்தால் போதுமாம்! அவளுடைய கணவனும் பிள்ளைகளும் யாருடைய கணக்கிலும் இல்லை.

விக்கி வழக்குத் தொடுத்தார். 2018இல் அது சமரசமானபோது, வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்திட மறுத்தார். அதனால்தான் மற்ற பெண்களின் கதை வெளியே வந்தது. முதலில் வெளியான கணக்கின்படி, மறுஆய்வில் பழைய முடிவு மாறிய 209 பேரில் 162 பேருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இதை விசாரித்த டாக்டர் கேப்ரியல் ஸ்காலி 50 பரிந்துரைகள் செய்தார். திட்ட அலுவலகத்துக்கே தெரியாத ஆய்வகங்களுக்கும் ஸ்லைடுகள் போயிருந்ததை அடுத்த ஆண்டு அவர் வெளிக்கொண்டுவந்தார். விக்கி 2022 நவம்பரில், 48 வயதில் இறந்தார்.

முடிவு முதலில் அந்தப் பெண்ணின் கைக்குத்தான் வர வேண்டும்; பிரதிதான் மற்றவர்களுக்கு. இதைப் படித்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். போங்கள். மாதிரி எடுக்கும்போதே, அது எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவை யார் சொல்வார், எப்போது சொல்வார் என்று கேளுங்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.