பனிமூட்டத்தில் ஓடுபாதையைக் காட்டுவது எது?

மார்கழி, தை விடியலில் காவிரி டெல்டா வயல்களின் மேல் படியும் மூட்டம் வெயில் ஏறும்வரை கலையாமல் நிற்பதுண்டு. அந்த நேரத்தில் தரையிறங்க வரும் விமானத்துக்கு ரேடியோ அலைதான் வழிகாட்ட வேண்டும். எந்த அலை என்பதே கேள்வி.

பழைய ஏற்பாடான வி.ஓ.ஆர்., நிலையம் இருக்கும் திசையைச் சொல்லும். இறங்க வேண்டிய சரிவைச் சொல்லாது. அவசரத்துக்குக் கைவசம் இருக்கட்டும். பனிக்காலத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

நம்பகமானது ஐ.எல்.எஸ். ஓடுபாதையின் மறுகோடியில் நிற்கும் லோக்கலைசர் இடவலத்தையும், விமானம் தரை தொடும் இடத்துக்குப் பக்கவாட்டில் நிற்கும் கிளைட் பாத் கம்பம் 3 டிகிரி சரிவையும் காட்டும். இவ்விரண்டும் அனுப்பும் 90, 150 ஹெர்ட்ஸ் தொனிகள் சமமாக இருந்தால் விமானம் சரியான பாதையில் இருக்கிறது. 150 ஓங்கினால் வலப்புறமோ கீழேயோ விலகிவிட்டது. கேட்-1 வகை 200 அடி உயரம்வரை கொண்டுவந்துவிடும். அதற்கு 550 மீட்டர் பார்வை போதும். டெல்லியில் உள்ள கேட்-3 வகைக்கு 50 மீட்டரே போதும். ஆனால் அதற்கான விளக்குகள், மாற்று மின்சாரம், விமானிகளுக்கான தனிப் பயிற்சி ஆகியவற்றின் செலவு, டெல்டாவின் குறுகிய பனிக்காலத்துக்குக் கட்டுப்படியாகாது.

இங்கே கவனிக்க வேண்டியது மண். கிளைட் பாத் அலை எதிரே உள்ள தரையில் பட்டுத் தெறித்துத்தான் சரிவுக்கோடாக உருவாகிறது. அந்த நிலம் சமமாக, ஒரே தன்மையில் இருக்க வேண்டும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் அதற்குள் வந்தால் கோடு பிசகும். காவிரிப் பாசனப் பகுதியில் இடம் தேடுபவர்கள் நிலத்தை அளக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். ஆண்டெனா நிற்கும் இடத்திலும் ஆபத்து உண்டு: 2018 அக்டோபர் 12 அதிகாலை திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஐ.எல்.எஸ். ஆண்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதியது. விமானம் மும்பையில் பத்திரமாக இறங்கியது.

மூன்றாவது வழி ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய இது, ஜி.பி.எஸ். பிழைகளைத் திருத்திச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. தரையில் கம்பம் நட வேண்டாம். வயலில் தண்ணீர் நின்றாலும் கவலையில்லை. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் இம்முறையில் இறங்கியது. விமானத்தில் அதற்கான கருவி இருந்தாக வேண்டும். பல ஜெட் விமானங்களில் அது இல்லை. சிங்கப்பூர், துபாய் ஜெட்கள் வரும் திருச்சிக்கு ஐ.எல்.எஸ்.தான் பொருத்தம். தஞ்சாவூருக்குச் சிறிய பயணிகள் விமானம் வருமானால் ககனே சிக்கனம்.

காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அயனிமண்டலம் செயற்கைக்கோள் அலையைக் கலைக்கும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கொந்தளிப்பு பெரும்பாலும் பொழுது சாய்ந்தபின் தொடங்கி நள்ளிரவுவாக்கில் தணியும்; பனி இறங்குவது விடியற்காலையில்.