கோடம்பாக்கத்தில் பூட்டு விழுந்த நாள் எது?

கேள்வி: கோலார் தங்க வயல் மூடியபோது ஊரே தவித்தது. அப்படி ஒரே தொழிலை நம்பித் தவித்த இடம் சென்னையில் உண்டா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: தி.நகரைத் தாண்டினால் கோடம்பாக்கம், வடபழனி. அங்கே மூடியவை சினிமா ஸ்டூடியோக்கள். சற்றுத் தள்ளி அண்ணா சாலையில் இருந்த ஜெமினி ஸ்டூடியோவில், அதன் முதலாளி வாசன் காலத்தில் தச்சர், மேக்கப்மேன், எழுத்தர் எல்லோருக்கும் மாதச் சம்பளம். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டுவதற்கே ஓர் ஆள் இருந்தார், அவர்தான் எழுத்தாளர் அசோகமித்திரன்!

பிறகு படப்பிடிப்பு வெளியிடங்களுக்குப் போனது. தெலுங்குப் படவுலகம் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. ஜெமினி இருந்த இடத்தில் இன்று ஓட்டலும் அடுக்குமாடியும். வடபழனியின் வாகினி ஸ்டூடியோ வளாகத்தில் மருத்துவமனையும் மாலும். மாதச் சம்பளக்காரர்கள் போய், கால்ஷீட் கணக்கில் கூலியும் பேட்டாவும் வாங்குகிறவர்கள் வந்தார்கள். படம் இல்லாத மாதம் அடுப்பு எரிவது கடன்காரர் தயவில்.

கோலாரில் சுரங்கம் மூடியதற்கு 2001 பிப்ரவரி 28 என்று ஒரு தேதி இருக்கிறது. அதைக் காட்டி வழக்குப் போடலாம், பாக்கி கேட்கலாம். (அப்படியும் அங்குள்ளவர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிறார்கள்.) கோடம்பாக்கத்துக்கு அந்தத் தேதிகூடக் கிடையாது. தொழில் சாகவில்லை, தொழிலாளியின் நிரந்தர வேலைதான் செத்தது. என்னைக் கேட்டால் இதுதான் மோசமான கதவடைப்பு.

அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ நாவலைப் படித்துப் பாருங்கள். படக் கம்பெனி நொடித்தால் அதை அண்டியவர்கள் என்ன ஆவார்கள் என்பது அதில் இருக்கிறது.