புள்ளலூர்ப் போரும் ராக்கெட் செய்தியும்

கேள்வி: 1780-இல் எங்கள் ஊரில் ஆங்கிலேயரை வீழ்த்தியது மைசூர் ராக்கெட்தான் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. நம்பலாமா?
– வாசகர், புள்ளலூர்

பதில்: பாதி நம்பலாம். ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் அவர் சிறைப்பட்டதும் உறுதி. வெடிக்கவைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில்தான் கருத்து வேறுபாடு. செய்திகளில் அடிக்கடி வரும் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் அரண்மனைச் சுவரோவியத்தில், பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடிக்கிறார். ஆனால் அது போரில் வென்ற மைசூர்த் தரப்பு வரையச் சொன்ன படம்; கலைச் செல்வம், களக் குறிப்பு அன்று. ‘அப்படியானால் ராக்கெட்டே கட்டுக்கதையா?’ என்றால், இல்லை. 2018-இல் கர்நாடகத்தின் நகராவில் பழங்கிணறு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் கிடைத்தன. ஆயுதம் இருந்தது என்பது வேறு, அதுவே வெற்றி தந்தது என்பது வேறு. செய்தியில் கண்டது எது, கருதியது எது என்று பிரித்துப் படியுங்கள்.