மணி அடிக்கலையா? முதல்ல ஒயரைப் பாருங்க!

ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்கு பஸ் ஏறும் தம்பி, தங்கைகளே! ப்ராஜெக்ட்டுக்கு போர்டு வாங்கக் காசு இல்லையென்றால் லேப்டாப்பில் க்யூஎமு போதும். ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் தொடங்கிய இலவச எமுலேட்டர் அது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'சக்தி சி' போர்டுகூட 2021-லிருந்து அதற்குள் இருக்கிறது. நாமே ஒரு டிவைஸ் எழுதிச் சேர்க்கும்போது படுத்துவது இன்டரப்ட் லைன்தான்.

சித்திரை வீதிப் பழைய வீட்டில் கொல்லைப்புறத்தில் இருப்பவர், வாசலுக்கு யாராவது வந்தார்களா என்று நிமிஷத்துக்கொரு தரம் நடந்து பார்ப்பாரா? அழைப்பு மணி வைத்துவிடுவார். ப்ராசஸருக்கு இன்டரப்ட் அந்த மணி. அதை ஒழுங்காக மாட்ட அக்காவின் டிப்ஸ்:

1. மூன்று வேலை, மூன்று இடம். யுஆர்ட், டைமர் மாதிரி டிவைஸ்கள் தங்கள் அவுட்புட் லைனை மட்டும் அறிவிக்கட்டும். அது எங்கே போகிறதென்று அவற்றுக்குத் தெரிய வேண்டாம். இன்டரப்ட் கன்ட்ரோலர் தன் இன்புட் லைன்களையும், லைன் மாறினால் ஓட வேண்டிய ஃபங்ஷனையும் அறிவிக்கும். இரண்டையும் இணைப்பது போர்டு கோடின் பொறுப்பு.

2. இனிட்டா, ரியலைஸா? டிவைஸ் உருவாகும்போது ஓடுவது இனிட்; அதன் ப்ராபர்ட்டிகளை அமைத்த பின் ஓடுவது ரியலைஸ். லைன்களின் எண்ணிக்கை மாறாதென்றால் இனிட்டிலேயே அறிவியுங்கள். ப்ராபர்ட்டியைப் பொறுத்து மாறுமென்றால் ரியலைஸில்தான். சைஃபைவ் பிஎல்ஐசி கன்ட்ரோலர் இரண்டாவது வகை. அதனால் போர்டு கோடில் அதை முதலில் ரியலைஸ் செய்துவிட்டுத்தான் அதன் இன்புட்டைக் கேட்க வேண்டும்.

3. நம்பரைச் சரிபாருங்க. பிஎல்ஐசியில் 0 என்றால் இன்டரப்ட் இல்லை என்று அர்த்தம், எண்கள் 1-லிருந்துதான். ரிஸ்க்-ஃபைவ் 'விர்ட்' மெஷினில் யுஆர்ட்டுக்கு 10. போர்டு கோடில் உள்ள எண்ணே டிவைஸ் ட்ரீயிலும் இருக்கணும்.

4. நேரடியாகப் பங்கு போடாதீங்க. இரண்டு டிவைஸ் ஒரே இன்புட்டுக்குப் போனால் நடுவில் ஆர் கேட் வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்று லைனை இறக்கும்போது மற்றதன் கோரிக்கையும் போய்விடும். ஒரு அவுட்புட் இரண்டு இடத்துக்குப் போகணுமென்றால் ஸ்ப்ளிட்டர் வேண்டும். சும்மா இரண்டு தடவை இணைத்தால் முதல் இணைப்பு அழிந்துவிடும்.

5. லைனைத் தொட ஒரே ஃபங்ஷன். ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரிலும் எனேபிள் ரெஜிஸ்டரிலும் ஒரே பிட் 1-ஆக இருந்தால் லைனை உயர்த்து, இல்லையென்றால் இறக்கு. ரெஜிஸ்டர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் இதையே கூப்பிடுங்கள்.

6. ரீசெட்டில் அவசரம் வேண்டாம். என்டர், ஹோல்ட், எக்ஸிட் என்று மூன்று கட்டம் உண்டு. என்டரில் தன் ரெஜிஸ்டர்களை மட்டும் சரிசெய்யணும். லைனை மாற்றுவதை ஹோல்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. எர்ரர் வரவில்லையா? நம்பாதீங்க. எங்கேயும் இணைக்காத லைனை உயர்த்தினால் க்யூஎமு மூச்சே விடாது. க்யூஎமு மானிட்டரில் 'இன்ஃபோ க்யூட்ரீ' கொடுத்தால் எத்தனை லைன் அறிவித்திருக்கிறீர்கள் என்று தெரியும். பிறகு உள்ளே ஓடும் லினக்ஸில் 'ப்ராக்' அடியில் உள்ள 'இன்டரப்ட்ஸ்' ஃபைலைத் திறங்கள். உங்கள் டிவைஸுக்கு வரியே இல்லையென்றால் டிரைவர் அந்த இன்டரப்ட்டைப் பதிவு செய்யவில்லை. வரி இருந்தும் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால் இணைப்பையும் நம்பரையும் பாருங்கள். எண்ணிக்கை கண்டபடி ஏறினால் லைனை இறக்க மறந்திருக்கிறீர்கள். ஐந்தாவது டிப்ஸுக்குப் போங்கள்.