ரசத்துக்கு ஒரு சுவைப்பொடி: அக்கா சொல்றேன், கேட்டுக்கோ!

உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாக இருந்தும், "ரசத்துல என்னமோ ஒண்ணு குறையுதே" என்று வீட்டில் சொல்கிறார்களா தங்கச்சி? அந்த ஒண்ணைத்தான் ஜப்பான்காரர்கள் உமாமி என்கிறார்கள். 1908-ல் கிகுனே இகேடா என்ற பேராசிரியர் கடல்பாசியைக் கொதிக்கவைத்த நீரிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோவாகக் கடைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் ருசி உண்டு, வாசனை கிடையாது. அதே குளூட்டமேட் நம் கம்பம் பள்ளத்தாக்குத் தக்காளியில் வாசனையோடவே இருக்கிறது.

ஒரு பாட்டிலுக்கு வேண்டியது: பழுத்த தக்காளி 1 கிலோ, காளான் அரை கிலோ, பூண்டு 100 கிராம், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மிளகும் கல் உப்பும் தலா 2 டீஸ்பூன். அளவைப் பார்த்து மலைக்காதே. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான்; ஒரு கிலோ காய்ந்தால் 60 கிராம் தேறுவதே பெரிது.

தக்காளியில் புளிப்பான நாட்டு ரகமே நல்லது. தேனி பக்கத்து அன்னஞ்சி ரகத்திலிருந்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பி.கே.எம்.1 கிடைத்தால் விடாதே. வட்டம் வட்டமாக மெலிதாய் நறுக்கு. சீக்கிரம் காயட்டும் என்று விதையையும் சாற்றையும் பிழிந்து கொட்டுகிறவர்கள் உண்டு. அதைமட்டும் செய்யாதே. சதையைவிட விதையைச் சுற்றியிருக்கிற கொழகொழப்பில்தான் குளூட்டமேட் அதிகம். விலை விழுந்து கூடைகூடையாகத் தள்ளிவிடுகிற சமயம் பார்த்து வாங்கு.

காளான் சிப்பியோ பாலோ மொட்டோ, எதுவானாலும் சரி. ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் ஊறப்போடாதே. மழைக்குப் பிறகு தோப்பில் முளைக்கிறதைப் பறித்து வராதே. விஷக்காளான் எது என்று பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. "காளான் வேண்டாம், தக்காளி மட்டும் போதுமே" என்று கேட்பாய். போதாது. காய்ந்த காளானில் குவானிலேட் என்று ஒன்று இருக்கிறது. அது குளூட்டமேட்டோடு சேரும்போது ருசி கூடுவதில்லை, பெருகுகிறது.

பூண்டுக்கு வடுகபட்டி சந்தை இருக்கிறது. மெலிதாகச் சீவித் தனித் தட்டில் காயவை, இல்லாவிட்டால் காளானில் பூண்டு வாசம் ஏறிவிடும். கறிவேப்பிலையை நிழலில் உலர்த்து.

மாசி, பங்குனி வெயில் இதற்கென்றே வந்தது. ஆனி, ஆடியில் தொடாதே. மலையிலிருந்து சாரல் எட்டிப்பார்க்கும், காற்று மண்ணை வாரிக் கொட்டும். தக்காளி தோல்போல வளைகிற வரைக்கும் காய்ந்ததும் பலபேர் எடுத்துவிடுகிறார்கள். வளையக் கூடாது, ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். காளானும் அப்படியே. மாலையில் வீட்டுக்குள் எடுத்து வை, பனி இறங்கினால் பகல் வெயில் வீண்.

கடைசியில் கனத்த கடாயில், சிறு தீயில், ஒவ்வொன்றாகப் புரட்டு. மிளகையும் உப்பையும் கூட வறு. உப்பில் ஈரம் இருந்தால் பொடி கட்டிப்படும். சூடு முழுக்க ஆறியபிறகு சின்ன ஜாரில் விட்டு விட்டு அரை. ஒரேயடியாக ஓடவிட்டால் ஜார் சூடேறித் தக்காளி பிசுபிசுத்து அடியில் ஒட்டிக்கொள்ளும். சலித்துவிட்டுக் கப்பியை மறுபடி அரை.

அசைவ வீடா? தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு 25 கிராம், கழுவிக் காயவைத்து, வாசம் வருமளவு வறுத்துச் சேர். அப்போது கல் உப்பு அரை டீஸ்பூன் போதும். இதைத் தனிப் பாட்டிலில் வை, விரத நாளில் கை மாறிவிடக் கூடாது.

நாலு பேர் ரசத்துக்கு அரை டீஸ்பூன், தட்டாம்பயறுக் குழம்புக்கு ஒன்று. கொதிக்கும்போதே போடு, காளான் வேக வேண்டும், இறக்கியபின் தூவுகிற பொடி அல்ல இது. வழக்கமான உப்பில் ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்.

கண்ணாடிப் பாட்டிலில் தேதி எழுதி ஃபிரிட்ஜில் வை. இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடு. ஈரக் கரண்டி பட்டுப் பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு. ஆட்டுக்கறிக் குழம்புக்கு மட்டும் இதைப் போடாதே, எலும்பே போதும்.