குணமாகி வீடு திரும்பும் தாய்

பெத்சாயிதா ஊரில் சேசுநாதர் சுவாமி ஒரு குருடனைக் குணமாக்கின வரலாறு, அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 8-ம் அதிகாரத்தில் இருக்கிறது. மற்றப் புதுமைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சுவாமி அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிறார். முதல் முறை கைகளை வைத்ததும் பார்வை வருகிறது. ஆனால் அரைப் பார்வைதான். மனிதர் நடமாடுவது அவனுக்கு மரங்கள் நடப்பதுபோல் தெரிகிறது. மறுபடியும் அவன் கண்கள்மேல் கைகளை வைத்த பிறகே எல்லாம் தெளிவாயிற்று. லாசரை ஒரே கட்டளையால் எழுப்பினவருக்கு இதை ஒரே முறையில் செய்ய முடியாதா? முடியும். படிப்படியாக வருகிற சுகத்திலும் அவருடைய கை இருக்கிறதென்று நாம் அறியும்படி இப்படிச் செய்தார் என்று எண்ணலாம்.

இந்த வரலாற்றை, எந்தப் பங்கிலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டோடு சேர்த்துப் படிப்போம். பிரசவமான சில நாளில் தாய்க்குச் சித்தம் கலங்கிற்று. தூக்கமில்லை, சாப்பாட்டில் மனமில்லை, பிள்ளையைத் தொடவும் பயம். வைத்தியத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறந்த பிள்ளையோ, டௌன் ஸிண்ட்ரோம் என்னும் குறையுள்ள பிள்ளை. பாட்டிதான் பாலூட்டி வளர்த்தாள். மாதங்கள் பல சென்று தாய் தேறி வீடு திரும்புகிறாள். வாசற்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டுகிறாள். பிள்ளை பாட்டியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுகிறது.

முதலில், பழியைப்பற்றி. அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இது யார் செய்த பாவமென்று கேட்கிறார்கள். அவனும் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்பது ஆண்டவருடைய தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லி ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷமாகியும் நம் தெருவில் விசாரணை முடியவில்லை. கர்ப்பமாயிருக்கையில் கிரகணத்தைப் பார்த்தாள், மாமியாரோடு சண்டை போட்டுப் பட்டினி கிடந்தாள் என்று இன்னும் பேசுகிறார்கள். பூசை முடிந்து கோவில் வாசலிலேயே பேசுகிறார்கள்! இந்தக் குறையின் காரணம் 1959-ம் வருஷத்திலேயே வெளியாகிவிட்டது. பிரான்சு தேசத்தில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் தூர்ப்பேன் என்பவர்கள் அதை வெளியிட்டார்கள். நம் உடம்பின் அணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் உண்டு; இப்பிள்ளைகளுக்கு 21-வது வகையில் ஒன்று கூடி, 47 இருக்கின்றன. தாய் பார்த்ததாலோ, அழுததாலோ, பட்டினி கிடந்ததாலோ அது கூடுவதில்லை. லெஜூன் நம் சபையைச் சேர்ந்தவர். 2021-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவரென்று அறிவித்தது.

தாயின் வியாதியும் அப்படியே. பிரசவத்துக்குப்பின் மனச்சோர்வு பத்துத் தாய்மாரில் ஒருத்திக்காவது வருகிறது. சித்தம் அடியோடு கலங்குவது ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு. இது வியாதி, பாவமல்ல. ‘பிள்ளையைத் தொடாமல் இருந்தேன், சுவாமி’ என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மறுபடியும் மறுபடியும் அழுகிற தாயே, காய்ச்சலில் படுத்திருந்ததை யாராவது பாவமென்று சொல்லுவார்களா? பிரிந்திருந்ததுகூட உங்கள் மனசல்ல. இத்தகைய நோயில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்து வைத்தியம் செய்வதே நல்லதென்று கண்டு, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் வைத்தியசாலை 2009-ல் அதற்கென்று தனிப் பிரிவு தொடங்கிற்று. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

இப்போது பிள்ளையைக் கவனியுங்கள். இப்பிள்ளைகளின் தசைகள் தளர்ந்திருக்கும். சிரிப்பு பிந்தி வரும். வந்தாலும் மெல்லியதாக இருக்கும். பேச்சு கொடுத்தால் பதில் உடனே வராது. தேறிவரும் தாய்க்கு இந்தத் தாமதமே பெரிய சோதனை. கூப்பிட்டாள், பிள்ளை திரும்பவில்லை. ‘என்னை வெறுக்கிறது’ என்று எண்ணி எழுந்துபோய்விடுகிறாள். அவள் எழுந்துபோன பிறகு பிள்ளை மெல்லத் திரும்பிப் பார்க்கிறது! ஆகையால் முகத்துக்கு நேரே உட்கார்ந்து கூப்பிடுங்கள்; கூப்பிட்டபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். இப்பிள்ளைகள் காதால் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் கண்டு கற்பதே எளிது. எனவே சொல்லோடு சைகையும் காட்டுங்கள். இவர்களில் பலருக்குக் காது மந்தமாயிருக்கும். அன்பில்லை என்று முடிவுகட்டுமுன் காதைச் சோதியுங்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. அதையும் வைத்தியர் பார்க்கவேண்டும்.

பிள்ளையைப் பாட்டியின் கையிலிருந்து பிடுங்காதீர்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்லுகிறோம். பிள்ளை பாட்டியிடம் ஒட்டிக்கொண்டது உங்களுக்கு நேர்ந்த நஷ்டமல்ல. ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளக் கற்ற பிள்ளை இன்னொருவரிடமும் ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுவது நல்லது. முதல் வாரம் பாட்டி கால் நீட்டிப் பிள்ளையைக் கிடத்தட்டும். நீங்கள் வெந்நீர் விளாவுங்கள். அடுத்த வாரம் எண்ணெய் தேய்க்கும் வேலை உங்களுடையது. தளர்ந்த கைகால்களை இதமாய்ப் பிடித்துவிடுங்கள். பிறகு ஒருநாள் நீங்கள் கால் நீட்டி உட்காருங்கள், பாட்டி அருகில் நிற்கட்டும். தினமும் அதே நேரம், அதே பாட்டு. நேரம் மாறினால் இப்பிள்ளைகள் கலங்கிப்போவதுண்டு. அழுதால் குற்றவாளிபோல் பார்க்காமல் துவட்டிப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.

பாட்டிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை நீங்கள் காப்பாற்றினீர்கள். அதை மறப்பவர் நன்றி கெட்டவர். ஆனால் எண்ணெய்க் கிண்ணத்தை மருமகள் எடுக்கும்போது ‘உனக்கு வராது, கொடு’ என்று வாங்கிவிடுகிறீர்களே, அதைமட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய் கண்ணில் பட்டால் பிள்ளை கொஞ்சநேரம் அழும். அவ்வளவுதானே?

கணவன்மார் செய்யவேண்டியது இரண்டு. இராத்திரி பிள்ளை விழித்தால் நீங்கள் எழுந்திருங்கள். தூக்கம் கெட்டால் இந்த வியாதி திரும்பிவரும். வைத்தியர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள். மாதாவிடம் நேர்ந்துகொண்டோம், இனி மாத்திரை எதற்கு என்கிற வீடுகள் உண்டு. வேளாங்கண்ணிக்கு அவசியம் போங்கள். மாத்திரையையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

குளிப்பு பழகினபின் இன்னொரு வேலையையும் தாய் ஏற்றுக்கொள்ளலாம். அந்தியில் வீட்டார் செபமாலைக்கு முழங்காலிடும்போது, பிள்ளையை மடியில் வைத்து, அதன் வலக்கையை உங்கள் கையில் பிடித்துச் சிலுவை அடையாளம் போடுங்கள். பேசத் தெரியாத பிள்ளையும் இதைச் செய்யக் கற்றுக்கொள்ளும். நெற்றியில் தொடங்குங்கள். மார்புக்கு வருமுன்னே கையை உருவிக்கொண்டு பாட்டியிடம் தவழ்ந்து போய்விட்டால், அன்றைக்கு அவ்வளவு போதும். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் நெற்றியிலிருந்து தொடங்குங்கள்.